கடல்வழியில் கிடைத்த உறவுகள்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, அம்பாசமுத்திரம் கடந்து, முக்கூடலில் நம் வாசலைத் தொட்டுக்கொண்டு, சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஆற்றுக்கு இத்தனை எளிதாகக் கைவந்த கடல், ஆற்றங்கரையில் வாழும் நமக்கு மட்டும் தொலைவாகவே இருந்துவருகிறது. ஆண்டுக்கொருமுறை மணப்பாட்டுக்கோ உவரிக்கோ சென்று, அலையில் கால் நனைத்துத் திரும்புவதோடு நம்மவர் பலருக்குக் கடல் உறவு முடிந்துவிடும்.

அத்தகைய ஊரிலிருந்து நாம் சென்ற தை மாத இறுதியில் அந்தமானுக்குக் கப்பலேறினோம். அங்கே குடியேறியுள்ள நம் பகுதிக் குடும்பங்கள் சிலவற்றைக் கண்டுவருதல் நோக்கம். விமானம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எனினும், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்ற வழியிலேயே செல்ல விரும்பினோம். புறப்படுமுன், "தனியாகவா போறீங்க, சாமி?" என்று கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்; ஏனெனில், அது நம்மைக் குறித்து மட்டும் எழுந்த கேள்வியன்று. நம் இல்லங்களில் துணையை இழந்து நிற்கும் முதியோர் ஒவ்வொருவரும், எங்கேனும் சென்றுவர ஆசைப்படும்போது, பிள்ளைகளிடமிருந்து கேட்கும் கேள்வி அதுவே.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1200 கிலோ மீட்டர். போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பெற்றுள்ளது. அந்தமான் நிகோபார் நிர்வாகத்தின் பயணிகள் கப்பல்கள் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து அங்கே செல்கின்றன. நாள்தோறும் செல்லும் பேருந்து போன்றதன்று. மாதத்தில் சில தடவைகளே உண்டு. சென்னையிலிருந்து செல்ல இரண்டரை நாளுக்கு மேலாகும்; கடலின் மனநிலையைப் பொறுத்து மணிக்கணக்கு கூடும், குறையும். வசதியான தனியறைகளும் உள்ளன. ஆனால் பெரும்பாலோர் செல்வது 'பங்க்' எனப்படும் பொதுக்கூடத்தில்தான். இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். கட்டிலுக்கு எண் உண்டு, கதவு கிடையாது. நாமும் அங்கேயே இடம் பெற்றோம்.

கப்பல் நகரத் தொடங்கியபோது தளத்தின் கம்பி ஓரமெல்லாம் மக்கள். துறைமுகத்துக் கிரேன்களும் கலங்கரை விளக்கமும் மெல்லச் சிறுத்து மறைந்தன. சற்று நேரத்தில் கைப்பேசிகளில் அலைவரிசை அற்றுப்போயிற்று. அதுவரை தத்தம் வீட்டாரோடு உரத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென மௌனமானார்கள். அந்த மௌனம் விந்தையானது. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் இருந்தும், ஒவ்வொருவரும் ஒரு தீவாகத் தோன்றினர். முதல் நாள் இரவு பெரும்பாலோர் அவரவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டனர். சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வேறு.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு எதிரெதிரே அமர்ந்து செல்பவர் பேசாமலே இறங்கிவிடலாம். விடிந்தால் ஊர் வந்துவிடும். கப்பலில் அது இயலாது. மூன்று இரவுகள் அதே முகங்கள், அதே படிக்கட்டு, அதே உணவுக்கூடம். பேசாமலிருப்பதுதான் அங்கே பெருமுயற்சி.

உணவுக்கூடத்திலேதான் முதற்கட்டு அவிழ்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்; வயது எழுபதைக் கடந்தவர். கடந்த ஆண்டு மனைவியை இழந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஒவ்வொரு வேளையும் மேசையின் ஓரத்தில் அமர்ந்து, பக்கத்து நாற்காலியில் தம் துணிப்பையை வைத்துவிடுவார். இடம் பிடிக்கும் நோக்கமன்று. பல்லாண்டுகளாகப் பக்கத்தில் ஒருவர் இருந்த பழக்கம். இரண்டாம் நாள் காலையில் கூட்டம் மிகுந்திருந்தது. பாப்பாக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், இருபத்திரண்டு வயது இருக்கும், தட்டைக் கையிலேந்தி நின்று, "இங்க ஆளு வாராங்களா, சார்?" என்று கேட்டார். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இல்லப்பா, யாரும் வரல. உக்காரு" என்றார்.

அவ்வளவே நடந்தது. ஆனால் அன்று மதியம் அவ்விருவரும் தளத்தில் ஒன்றாக நிற்கக் கண்டோம். தாயார் பீடி சுற்றிச் சேர்த்த பணத்திலும், கடனிலும் பயணச்சீட்டு எடுத்து முதன்முறையாக வேலைக்குச் செல்கிறார் அந்த இளைஞர். கூலிக்கணக்கை எப்படி எழுதி வைப்பது, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினால் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டுக்கு மாதந்தோறும் வங்கி வழியாகப் பணம் அனுப்புவது எவ்வாறு என்று ஆசிரியர் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவரது குரலில் மீண்டும் வகுப்பறை கேட்டது.

தனியே பயணம் செய்பவரைப் பார்த்து நாம் இரக்கப்படுகிறோம். ஆயின், குடும்பமாக வந்தவர்களின் வட்டம் நிறைந்த வட்டம். அதனுள் அயலார் நுழைவது அரிது. தனியாளின் பக்கத்திலோ எப்போதும் ஓரிடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒருவர் வந்து அமரலாம். மேற்சொன்ன பை எடுக்கப்பட்டால் போதும்.

அன்று மாலை எங்கள் சிறு கூட்டத்தில் ஒரு மூதாட்டியும் வந்து சேர்ந்தார். இளைஞர் அவரை "ஆச்சி" என்றே அழைத்தார். நம் ஊரில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் சுளகோடு திண்ணையில் அமர்ந்தால் பேச்சு தானே ஊறுமன்றோ? அதுபோலவே கப்பல் தளத்திலும் ஊறியது. கைகளுக்கு மட்டுந்தான் வேலையில்லை.

அந்த ஆச்சி இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தாயகம் திரும்பும்படி ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். பின்னர் சிலர் நிகோபார்த் தீவுகளில் ஒன்றாகிய கச்சாலில் அரசு அமைத்த இரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆச்சியும் அவர் கணவரும் அவர்களுள் அடங்குவர்.

"மொதக் கப்பல்ல யாரும் யாரையும் பாக்கலங்க. எல்லாரும் விட்டுட்டு வந்த கரையையே பாத்துக்கிட்டு நின்னோம்" என்றார் அவர். "ரெண்டாவது கப்பல்லதான் பேச ஆரம்பிச்சோம். பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா. நான் வாந்தியெடுத்துக் கெடந்தப்ப மூணு நாளும் அவுகதான் கஞ்சி குடுத்தாக. கச்சால்ல அவுகதான் எனக்குப் பொறந்த வீடு."

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை கச்சாலைத் தாக்கியது. நிகோபார்த் தீவுகளில் மிகக் கொடிய அழிவைக் கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. ஆச்சியின் கணவர் திரும்பவில்லை. மகளின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர், அந்தக் கப்பல் அக்காவின் மகன். "அந்தப் புள்ளைக்கு இப்ப வேலை கெடச்சிருக்கு. அதப் பாக்கத்தான் போறேன்" என்று கூறி, ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. கொத்தனார் இளைஞர் எழுந்து சென்று எல்லாருக்கும் தேநீர் வாங்கி வந்தார்.

கப்பலில் பழகிய பழக்கம் கரையேறினால் மறந்துபோகும் என்பர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். அவ்வாறே மொரீஷியசுக்கும், மேற்கிந்தியத் தீவுகளுக்கும், பிஜித் தீவுக்கும் கப்பல் கப்பலாக நம் நாட்டினர் சென்றனர். ஊரும் சாதியும் உறவும் பின்னே விடப்பட்டன. எனவே ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர், என்று அழைத்துக்கொண்டனர். அது வெறும் வாய்ச்சொல் அன்று. பல இடங்களில் அவ்வுறவை இரத்த உறவாகவே மதித்தனர்; நோயிலும் சாவிலும் ஒருவர்க்கொருவர் உதவினர்; அவர்கள் பிள்ளைகளுக்குள் மணம் செய்வதையும் தவிர்த்தனர். கச்சால் ஆச்சி சொன்னது இந்தப் பழங்கதையின் கடைசி அதிகாரமே.

நாம் சென்ற வழிக்கும் கசப்பான வரலாறு உண்டு. 1858-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் 200 கைதிகளுடன் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 'காலாபாணி', கறுப்புத் தண்ணீர், என்று மக்கள் அஞ்சிய கடல் இதுவே. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் தனிக்கொட்டடி. ஒருவர் முகத்தை மற்றவர் காணாதபடி கட்டினர். மனிதனை ஒடுக்க விரும்பியவர்களும் தனிமையே கொடிய தண்டனை என்பதை அறிந்திருந்தார்கள். ஆனால் விரும்பித் தனியே செல்வது வேறு. தனிமையில் அடைக்கப்படுவது வேறு. நம் வீட்டு முதியவரை, "தனியே போக வேண்டாம்" என்று அன்பினால் தடுத்து, பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னே இருத்திவிட்டுச் செல்கிறோமே, அது இவ்விரண்டில் எது என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

கப்பலில் பணிபுரிவோரையும் மறத்தல் ஆகாது. தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்த மாலுமி ஒருவர் ஓய்வு வேளையில் நம்மிடம் வந்து பேசினார். "நீங்க மூணு நாள்ல எறங்கிருவீங்க, சாமி. நாங்க மாசக்கணக்குல இதுக்குள்ளதான்" என்றார். இத்தகையோருக்காகவே 1920-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கடல்சார் திருத்தூதுப் பணி தொடங்கப்பட்டது. அவர் கேட்டது அறிவுரையன்று. தம் மகள் முதன்முதலில் நடந்த நாளைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள். நாம் கேட்டோம்.

இக்காலத்தில் உல்லாசத்துக்கென்றே செல்லும் பெருங்கப்பல்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்தே 'எம்பிரஸ்' என்னும் கப்பல் அத்தகைய பயணத்தைத் தொடங்கியது. நீச்சல் குளமும் நாடக அரங்கும் அதனுள் அடக்கம். ஆனால் உலகெங்கும் இத்தகைய கப்பல்களில் அறைக் கட்டணத்தை இருவருக்கெனக் கணக்கிடுவதே வழக்கம். தனியாகச் செல்பவர் கூடுதலாக, சிலவேளை ஏறக்குறைய இருமடங்கு, செலுத்த நேரிடும். ஆகவே செல்வோர் முன்னரே விசாரித்துக்கொள்ளட்டும். பங்க் கூடத்திலோ ஒரு கட்டிலுக்கு ஒரு கட்டணம். அங்கே தனிமைக்கு அபராதம் இல்லை.

கிழக்கே செல்லச் செல்ல மற்றொரு விந்தை. கடிகாரத்தில் நேரம் மாறுவதில்லை; அந்தமானிலும் இந்திய நேரமே. ஆனால் கதிரவன் அதனை அறியான். சென்னையைக் காட்டிலும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாகவே அங்கே எழுகிறான், முன்னதாகவே மறைகிறான். நான்காம் நாள் காலை ஆறு மணிக்கே பளிச்சென்ற வெளிச்சத்தில் பச்சைத் தீவுகள் தெரிந்தன. கைப்பேசிகளில் மீண்டும் அலைவரிசை வந்தது. ஆயினும் எவரும் உடனே பேச்சைத் துண்டித்து அதன்பால் ஓடவில்லை.

ஹாடோ துறையில் இறங்கும்போது ஆசிரியர் இளைஞரின் மூட்டையைத் தூக்க, இளைஞர் ஆச்சியின் பெட்டியைத் தூக்கினார். ஆச்சியின் பேரன் கரையில் நின்றிருந்தார். உயரமான, சிரித்த முகம். "இவுகள்லாம் என்னோட கப்பல்ல வந்தவுக" என்று ஆச்சி எங்களை அறிமுகம் செய்தார். அச்சொற்களின் கனம் அந்தப் பேரனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஒவ்வொருவரையும் அவர் கைகூப்பி வணங்கினார்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் வீட்டுத் தாத்தாவோ, ஆச்சியோ, மனைவியை இழந்த பெரியப்பாவோ எங்கேனும் தனியே சென்றுவர விரும்பினால், முதல் விடையாக "வேண்டாம்" என்று கூறாதீர்கள். மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கீழ்க்கட்டில் கேட்டு வாங்குங்கள். மருந்துகளை நாள்வாரியாகப் பிரித்துக் கட்டிக்கொடுங்கள். தலைசுற்றினால் வயிற்றைக் காலியாக விடாமல் எளிய உணவு உண்டு, தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்கியிருக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டையின் நகலும், உங்கள் தொலைபேசி எண்ணும் சட்டைப்பையில் இருக்கட்டும். காத்திருந்து அழைத்துச் செல்ல அக்கரையில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இவ்வளவும் செய்தபின், மனமகிழ்ந்து வழியனுப்புங்கள்.

செல்பவருக்கும் ஒரு சொல். பக்கத்து நாற்காலியில் பையை வைக்காதீர்கள்.