ஐஸ் பெட்டிக்குள் நல்லெண்ணெய்!

மார்கழிக் காலையில் முத்துப்பேட்டைப் பக்கம் போனால், திண்ணை வெயிலில் தேங்காய் எண்ணெய் பாட்டில் குளிர் காய்ந்துகொண்டிருக்கும். தென்னை ஊராச்சே! ஆனால், நல்லெண்ணெய் பாட்டிலை யாரும் வெயிலில் வைப்பதில்லை. அது உறைந்தால்தானே?

காரணம் சுலபம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் நேர் நேரான சங்கிலி. விறகுக் கட்டு மாதிரி நெருங்கி அடுக்கிக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே போனால் கெட்டியாகிவிடும். நல்லெண்ணெயில் பெரும்பாலும் நடுவில் வளைந்த சங்கிலிகள். கோணல் விறகை இறுக்கிக் கட்ட முடியுமா?

பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றி இருப்பதும் ஒரு கொழுப்புச் சவ்வுதான். சாப்பாடு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அது வழியாகத்தான். குளிரில் அது இறுகிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். குளிர் விரும்பும் பாக்டீரியா என்ன செய்கிறது தெரியுமா? சங்கிலிகளை வளைக்கிறது, நீளத்தைக் குறைக்கிறது. அதாவது, தேங்காய் எண்ணெயிலிருந்து நல்லெண்ணெய்க்கு மாறிவிடுகிறது!

அன்டார்டிகாவில் நம்முடைய 'மைத்ரி' நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பகுதி மண்ணிலேயே இப்படிக் குளிர் தாங்கும் பாக்டீரியா உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி சிவாஜியும் அவரது குழுவினரும் அதில் ஒன்றுக்கு 1992-ல் 'ஸ்பிங்கோபாக்டீரியம் அன்டார்டிகஸ்' என்று பெயரே சூட்டினார்கள்.

'அங்கே இருந்தா நமக்கென்ன சார்?' என்கிறீர்களா? இதே வித்தை தெரிந்தவை நம் மீன் பெட்டியிலும் உண்டு. நம்ம ஊர்க் கொடுவா, மடவையெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்தவை. அவற்றோடு வரும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை ஐஸில் முடங்கிவிடும். அதனால், குளிர்க்கடல் மீனைவிட நம் மீன் பொதுவாக ஐஸில் அதிக நாள் தாங்கும். ஆனால், எண்ணெய் மாற்றத் தெரிந்த சில, மெதுவாகப் பெருகியபடியே இருக்கும். பெட்டியைக் கழுவாமல் விட்டால் அடுத்த லோடுக்கும் அவையே காத்திருக்கும்.

முத்துப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி பாய் ஒருவர், காலிப் பெட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். ஐஸ் செலவு கட்டுப்படியாகிறதா என்று கேட்டேன். "ஐஸா வாங்குறோம் தம்பி? நாளுல்ல வாங்குறோம். ஒரு நாளு தப்புச்சுன்னா மொதலே போச்சு!" என்றார்.

வீட்டு ஃபிரிட்ஜுக்கும் இதே கணக்குதான். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி, ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். நாற்றம் காட்டிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. கர்ப்பிணிகளுக்கு ரொம்பவே ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்ததை நாள் கடத்தாமல், நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

பி.காம். பாஷையில் சொன்னால், ஃபிரிட்ஜ் என்பது பேங்க் லாக்கர் அல்ல. குறைந்த வட்டிக் கடன். வட்டி குறைவுதான்... ஆனால், ஏறிக்கொண்டேதான் இருக்கும்!