உம்மாவின் கையும் எங்கள் இரண்டு விரலும்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் உம்மாவுக்குப் பதின்மூன்று வருடமாகச் சீனி. மாதம் ஒரு கிளினிக், காலையும் இரவும் மெட்போமின் குளிசை. போன வருடம் கல்முனையில் ஒரு வீட்டு விறாந்தையில் இயற்கை வைத்தியம் செய்யும் ஒரு பெண்மணி வந்திருப்பதாகச் சாச்சி சொன்னா. ஊசியில்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, கையைப் பிடித்தே எல்லாம் சொல்கிறாவாம். ஓட்டோ பிடித்து உம்மாவைக் கூட்டிப் போனது நாங்கள்தான். அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உம்மாவின் வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் சொன்னா. இரண்டு விரலால் அழுத்தினா. கை அசையவில்லை. இடது கையில் மெட்போமின் அட்டையைக் கொடுத்து அழுத்தினா. கை சரிந்தது. அட்டையை எடுத்துவிட்டுத் தன்னுடைய தூள் பக்கற்றைக் கொடுத்தா. கை மறுபடியும் உறுதியாக நின்றது. "பாத்தீங்களா, உடம்பே சொல்லுது" என்றா.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆசிரியர்கள். அதில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர். இருந்தும் நாங்கள் வாயடைத்து நின்றோம். கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

குளிசை நின்றது. முதல் இரண்டு கிழமை உம்மா உற்சாகமாகத்தான் இருந்தா. "வயிறு லேசா இரிக்கி மகன்" என்றா. பலருக்கு மெட்போமின் வயிற்றைப் புரட்டும். அதை நிறுத்தினால் வயிறு லேசாகத்தான் இருக்கும். இரத்தத்தில் ஏறும் சீனி ஆரம்பத்தில் வெளியே தெரியாது. எங்களை ஏமாற்றியது அதுதான்.

இரண்டாம் மாதம் செருப்பு கடித்த சின்னக் கொப்புளம் காலில் புண்ணாகி, கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சீனி 412. ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன இரவில் யாரும் தூங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், விரல் தப்பியது.

வீடு வந்த பிறகுதான் அந்தச் சோதனை என்னவென்று தேடிப் படித்தோம். இது யூனானியும் இல்லை, சித்தமும் இல்லை, எங்கள் பரிசாரிமார் செய்ததும் இல்லை. 1964இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் தொடங்கியது. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவமுள்ள மூன்று பேர் 11 பேரின் தசையைச் சோதித்து யாருக்கு என்ன ஊட்டச்சத்துக் குறைவு என்று சொன்னார்கள். சும்மா ஊகித்துச் சொல்வதை விட அது மேலாக இல்லை. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகள் கையில் கிடந்த பவர் பேலன்ஸ் வளையல் நினைவிருக்கிறதா? அதையும் உடம்பைத் தள்ளியும் அழுத்தியும் காட்டித்தான் விற்றார்கள். நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லையென்று 2010இல் அவுஸ்திரேலியாவில் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

வாசித்தால் மட்டும் போதாது என்று வீட்டிலேயே செய்து பார்த்தோம். மெட்போமின் அட்டையையும் தூள் பக்கற்றையும் மாறிமாறி உம்மாவின் கையில் கொடுத்துப் பத்துத் தடவை அழுத்தினோம். பத்திலும் அந்தப் பெண்மணி சொன்னபடியே நடந்தது! பிறகு தரம் 10இல் படிக்கும் மகள் இரண்டையும் ஒரே மாதிரியான பழுப்பு உறைகளில் போட்டு ஒட்டி, இலக்கமிட்டு, எதில் எதுவென்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டா. உம்மாவுக்கும் தெரியாது, அழுத்தும் எங்களுக்கும் தெரியாது. இருபது தடவை செய்தோம். சரியாக வந்தது ஒன்பது. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

முதல் பத்தில் நாங்கள் வேண்டுமென்று பொய்யாக அழுத்தவில்லை. ஆனால் கை விழும் என்று மனம் எதிர்பார்த்தபோது விரல் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மணிக்கட்டுப் பக்கமாக அழுத்தியிருக்கிறது. நெம்புகோல் பாடத்தில் நாங்களே படிப்பிப்பதுதான்: தூரம் கூடினால் அதே விசை அதிக பாரம். கையை நீட்டியிருப்பவரும் விழும் என்று நினைத்தால் தன்னையறியாமல் தளர்ந்துவிடுவார். நினைப்பு நமக்குத் தெரியாமலே தசையை அசைக்கும் என்று வில்லியம் கார்பென்டர் 1852இலேயே எழுதிவிட்டார்.

"அப்ப அந்த மனிசி பொய் சொல்லலியா?" என்று உம்மா கேட்டா.

"இல்ல உம்மா. அவட கை அவவையும் ஏமாத்தியிருக்கு."

அதனால்தான் யாருடைய பெயரையும் இங்கே போடவில்லை. கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கிளினிக் குளிசையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிறு புரட்டினால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றவும் வேறு குளிசை தரவும் வழியிருக்கிறது. சுதேச வைத்தியம் பார்ப்பதென்றால், 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கையை அழுத்திக் காட்டினால், மூடிய உறையில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். தவக்குல் வைப்பதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டுவது நம் பொறுப்பு. நாங்கள் கட்டவில்லை.

உம்மா இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போறா. அவவுக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.