முந்தி வந்தவருக்கே இடம்

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் கடலோரத்தில் அமைந்துள்ளது வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் மாதா திருவிழாவின்போது, முன்பதிவு செய்தோர் விடுதி அறைகளில் தங்குகின்றனர். பல நாள் நடந்து வரும் ஏழைகளோ வந்து சேரும் நேரத்தை முன்னறிய இயலாதவர்கள். மணற்பரப்பில் துணி விரித்துப் படுக்கின்றனர். அங்கே முதலில் விரித்தவருக்கே இடம்.

இக்காட்சி மினாவை நினைவூட்டுகிறது. தங்களுக்கு நிழல்தரும் கட்டடம் எழுப்பலாமா எனத் தோழர்கள் வினவியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுத்து, மினா முந்தி வந்தவரின் தங்குமிடம் என உணர்த்தியதாகத் திர்மிதீயில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஹாஜிகள் இலட்சக்கணக்கில் பெருகிய இந்நாளில் அங்கும் கூடாரங்கள் முன்னரே ஒதுக்கப்படுகின்றன. ஒழுங்கிற்கு அது தேவையே. ஆயினும் பொது இடத்தில், முன்பதிவுக்கு வசதியற்றவருக்கும் ஒரு பங்கை விட்டுவைப்பதே நீதி. நாகூர் கந்தூரிக்கு வருவோர் விஷயத்திலும் இதனைச் சிந்திப்போமாக!