நாகத்தின் பிள்ளையா, நம் பிள்ளையா?

அதிதூதரான புனித மிக்கேலின் சுரூபத்தைக் காணாத கத்தோலிக்கர் நம்மில் இரார். விரிந்த சிறகு, ஓங்கிய வாள், காலடியில் நசுங்கிக் கிடக்கும் ஒரு விலங்கு. பாம்பின் உடலும் வௌவாலின் சிறகும் முதலையின் வாயும் கொண்ட அவ்விலங்கைப் பழைய தலைமுறையினர் 'பறவை நாகம்' என்றனர். இன்று நாம் வாசிக்கும் விவிலியம் 'அரக்கப் பாம்பு' என்கிறது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் 'வலுசர்ப்பம்' என்கிறது. நம் பிள்ளைகளோ 'டிராகன்' என்றால்தான் அறிவர்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி நம்மிடம் கேட்டாள்: "சாமி, அந்தப் பாம்புக்குக் குட்டி இருந்தா, அதையும் மிக்கேல் சம்மனசு குத்திருவாரா?" அவள் பார்த்த சித்திரப் படம் ஒன்றில், டிராகன் குட்டி ஒன்று மனிதப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் வீட்டிலேயே வளர்ந்து, இறுதியில் அந்த ஊருக்கே வேண்டியதாகி விடுகிறதாம். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் எந்தப் பேராசிரியரும் நம்மிடம் தொடுக்காத வினா அது. ஆயினும் சிரித்துத் தள்ளிவிடத் தக்க வினா அன்று. தீயதெனக் கருதப்படும் ஒன்றின் வழியில் பிறந்தது தன் பிறப்பினாலேயே தீயதாகுமா? இதுவே அவள் கேட்டதன் பொருள்.

மறைநூல் இதற்குத் தெளிவாகவே விடை தருகிறது. தந்தையின் குற்றத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தின் சாரம். பிறவியிலேயே பார்வையற்றவரைச் சுட்டி, "பாவம் செய்தவர் யார், இவரா, இவருடைய பெற்றோரா?" என்னும் கருத்தில் சீடர் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்தார். இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாகம் என்றாலே அலகை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 148-ஆம் திருப்பாடல், கடலின் பெருநாகங்களையும் இறைவனைப் புகழ அழைக்கிறது; பழைய இலத்தீன் விவிலியம் அவ்விடத்தில் 'டிராகன்' என்னும் சொல்லையே ஆள்கிறது. 104-ஆம் திருப்பாடலிலோ லிவியத்தான் என்னும் பெருநாகம் கடலில் விளையாடித் திரியவே படைக்கப்பட்டதாகக் காண்கிறோம். எனவே மிக்கேலின் காலடியில் கிடப்பது ஓர் இனம் அன்று. கடவுளை எதிர்த்து நின்ற ஒரு மனம். அதன் முகச் சாயல் உண்டு என்று சொல்லி எந்தக் குட்டியையும் குத்த வானதூதருக்கு ஆணை இல்லை.

இனி, அரக்கப் பாம்பு வரும் திருவெளிப்பாடு 12-ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசிப்போம். போரும் வீழ்ச்சியும் நம் நினைவில் நிற்கின்றன. அதன் பிற்பகுதி நிற்பதில்லை. பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி பாலைநிலத்திற்கு ஓடுகிறாள். பாம்பு அவளை மூழ்கடிக்கத் தன் வாயிலிருந்து ஆறு போல் வெள்ளத்தைக் கக்குகிறது. அப்போது அவளுக்குத் துணைக்கு வருவது மண். மண் தன் வாயைத் திறந்து அவ்வெள்ளத்தை விழுங்கிவிடுகிறது.

திருச்சுழியில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் அத்துளையில் சுழித்து அடங்கியதால் இவ்வூர் 'சுழியல்' ஆயிற்று என்பது நம் சைவ அன்பர்கள் போற்றும் தலபுராணம். இரு மரபுகளும் வேறு. அவற்றை ஒன்றெனக் குழப்ப நாம் முற்படவில்லை. ஆயினும் வெள்ளத்தை விழுங்கி உயிர்களைக் காத்த மண் என்னும் பெருமையை இவ்வூர் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அப்பெருமைக்கு ஒரு சோதனைக் காலமும் வந்தது.

1983 சூலையில் இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தைத் தொடர்ந்து தமிழ் மக்கள் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கலாயினர். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது அடுத்த அலை வந்தது. 1996-க்குப் பின்னும், 2006-க்குப் பின்னும் மேலும் அலைகள். மொத்தத்தில் மூன்று இலட்சம் பேர் அளவில் வந்தனர். மண்டபத்தில் பதிவு செய்யப்பட்டு, தமிழகம் எங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். நம் வானம் பார்த்த பூமியிலும் மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை போன்ற இடங்களில் முகாம்கள் எழுந்தன. கடலும் பனையும் கண்டு வளர்ந்தவர்கள் கரிசலையும் சீமைக்கருவேலையும் கண்டனர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலைநிலத்திற்கு ஓடிவந்த பெண் நம் கண்முன் வந்து நின்றாள்.

தொடக்கத்தில் ஊர்கள் இரங்கின. அரிசியும் துணியும் திரட்டிக் கொடுத்தன. ஆனால் 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டபின் காற்று திசை மாறியது. அக்கொடுமையைச் செய்தவர்கள் ஒரு சிலர். சந்தேகமோ முகாம்களின் எல்லாக் கூரைகளின் மீதும் வந்து இறங்கியது. பால் குடிக்கும் குழந்தையும் 'புலிக்குட்டி' ஆயிற்று. வாடகைக்கு வீடில்லை; கடையில் கடனில்லை; பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பக்கத்தில் அமரப் பிள்ளையில்லை. துப்பாக்கிக்கும் குண்டுக்கும் அஞ்சி ஓடிவந்த குழந்தையே, துப்பாக்கியின் பிள்ளை என்று பார்க்கப்பட்டது. நாகத்திடமிருந்து தப்பி வந்ததை நாகத்தின் குட்டி என்று ஊர் பெயரிட்டது. அன்பர்களே, அச்சம் செய்யும் வேலை இதுதான். அது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் விழும் நிழலையே பார்க்கிறது.

அந்த நிழல் எவ்வாறு விலகியது? மாநாட்டுத் தீர்மானங்களாலோ மறையுரைகளாலோ என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. வேலைத்தளங்களில் அது விலகியது. முகாம் ஆண்கள் பெயின்ட் அடிக்கச் சென்றனர். சாரத்தின் மேல் ஒருவன் கால் இடறினால் மற்றவன் கைகொடுத்தாக வேண்டும். அடுப்படியில் விலகியது. முகாம் வீட்டுப் புட்டும் தேங்காய்ச் சம்பலும் கிறிஸ்துமஸ் நாளில் ஊர் வீடுகளுக்கு வந்தன. ஊர் வீட்டு அதிரசம் முகாமுக்குச் சென்றது. ஆலயத்தில் விலகியது. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தோருள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் ஆனோர் பலர். மடு அன்னையின் பெயரைச் சொன்னால் கண்கலங்குவோர் அவர்கள். நம் பாடகர் குழுவில் அவர்கள் பிள்ளைகள் நின்று பாடியபோது, எது ஊர்க்குரல், எது முகாம்குரல் என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை.

முகாமில் பிறந்த அப்பிள்ளைகளிடம் ஒரு விந்தை உண்டு. அவர்களுக்கு இரண்டு தமிழ். வீட்டில் பாட்டியிடம் 'ஓம்' என்பார்கள். வாசலைத் தாண்டியதும் 'ஆமா' என்பார்கள். உள்ளே 'எண்டு', வெளியே 'ன்னு'. நாம் ஒரு சிறுவனிடம், ஏன் அப்பா மாற்றிப் பேசுகிறாய் என்று வினவினோம். "எங்க பேச்சுல பேசினா எந்த ஊருன்னு கேக்குறாங்க சாமி, பிறகு பேச்சு நின்னுடுது" என்றான். பத்து வயதுப் பிள்ளை தன் தாய்வீட்டுச் சொல்லை வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டியிருக்கிறது. சிறகை மடித்துக்கொண்டால்தான் உள்ளே இடம் என்றால், அது முழுமையான வரவேற்பு ஆகாது.

உறவின் உண்மையான உரைகல் திருமணம். நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கும், முகாமில் பிறந்து கல்லூரிவரை படித்த பெண் ஒருத்திக்கும் மணம் பேசி முடிந்தது. இருவரும் ஒரே மறை, ஒரே மொழி. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று மாலை, மணமகனின் உறவினர் நால்வர் அறைவீட்டிற்கு வந்தனர். சண்டைக்கு வரவில்லை, கவலையோடு வந்தனர். "பொண்ணு நல்ல பொண்ணுதான் சாமி. ஆனா நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு எந்த நாடு?" என்றார் பெரியவர்.

அவர் கேட்டது வெறும் வறட்டுக் கேள்வி அன்று. 1987 சூலை 1-ஆம் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்தோர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடிமக்கள் ஆவதில்லை. 2004 டிசம்பர் 3-ஆம் நாளுக்குப் பின் பிறந்தோர்க்கு விதி மேலும் இறுகியது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவர் அல்லாதவராகவும் இருக்கவேண்டும். ஆக, தாயை அரசின் ஏடு எந்தச் சொல்லால் குறிக்கிறது என்பதில் இன்னும் பிறவாத பிள்ளையின் உரிமை தொங்குகிறது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றிப் பேசியது. இலங்கையைப் பற்றிப் பேசவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்டப்படும் என்றும் அறிவித்தது. 2015 சனவரி 9-ஆம் நாள்வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என 2025 செப்டம்பரில் நடுவண் அரசின் ஆணை வந்தது. இவை நல்லவையே, நன்றியோடு ஏற்கத்தக்கவையே. ஆயினும் தண்டிக்கப்படாமல் இருப்பது வேறு. பிள்ளை என்று அழைக்கப்படுவது வேறு.

பெரியவரின் கேள்விக்குச் சட்டத்திலிருந்து ஆறுதலான விடை தர நம்மிடம் ஏதுமில்லை. உள்ளதை உள்ளவாறே சொன்னோம். அப்போது, அதுவரை திண்ணையில் வாளாவிருந்த மணமகனின் அப்பத்தா வாய் திறந்தார்: "குண்டாத்துல தண்ணி வந்தா, எந்த மலையில பேஞ்ச மழைன்னு கேட்டுக்கிட்டா கண்மாய்க்குள்ள விடுறோம்? வந்ததே பெருசுன்னு மடையைத் திறக்குறோம். அந்தப் புள்ளையும் அப்படித்தான். வரட்டும்."

மழைக்கு ஏங்கியே முதுமை அடைந்த ஒரு தாயின் சொல் அது. மூன்றாவது ஓலையும் வாசிக்கப்பட்டது. மணம் நடந்தது. திருப்பலி முடிந்ததும் முகாமிலிருந்து வந்திருந்த மணமகளின் பாட்டியார் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "சுவாமி, பதிவேட்டிலெ எங்கட பிள்ளையின்ட ஊர் என்னெண்டு எழுதினனீங்கள்?" என்று கேட்டார். நம் பங்கின் பெயரைக் காட்டினோம். எழுத்தறியாத அவர் அவ்வரியின்மீது விரலை வைத்து, சற்று நேரம் எடுக்காமலே நின்றார்.

திருச்சபையின் ஏடு அரசின் ஏடு ஆகாது. அதைக் காட்டிக் கடவுச்சீட்டு பெற இயலாது. இருப்பினும் அது சிறியதன்று. திருமுழுக்குத் தொட்டியருகே நாம் குழந்தையின் பெயரைக் கேட்கிறோம், நாட்டைக் கேட்பதில்லை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், புலம்பெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட திருத்தூது ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தினார். எகிப்தியர் அக்குழந்தையை எவ்வாறு வரவேற்றனர் என மத்தேயு எழுதவில்லை. ஏரோது இறக்கும்வரை அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதை மட்டும் எழுதினார். யாரோ ஒருவர் வீடு தந்திருக்கவேண்டும். யாரோ ஒருவர் யோசேப்புக்குத் தச்சு வேலை தந்திருக்கவேண்டும். பெயர் தெரியாத அந்த அண்டை வீட்டாரின் கடனில் நம் மீட்பு வளர்ந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் நாள் செய்தியில் நான்கு கடமைகளை வரிசைப்படுத்தினார்: வரவேற்றல், பாதுகாத்தல், வளர்ச்சிக்குத் துணைநிற்றல், நம்மோடு ஒருங்கிணைத்தல். முதல் இரண்டையும் நம் மண் ஒருவாறு செய்திருக்கிறது. மூன்றாவதைக் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் செய்துவருகின்றன. நான்காவது குடும்பங்களின் கையில் இருக்கிறது. அதைச் சட்டமன்றமோ ஆயர் இல்லமோ நமக்காகச் செய்து முடிக்க இயலாது.

செய்யத்தக்கவை எளியவையே. முகாமில் ஒரு துக்கம் என்றால் சென்று உட்காருவோம். 'அகதிப் பிள்ளை' என்னும் சொல்லை நம் வீட்டுப் பேச்சிலிருந்து நீக்கிப் பெயர் சொல்லி அழைப்போம். மணம் பேசி வரும்போது, குணத்தை விசாரிப்போம். முகவரியைக் கொண்டு தள்ளாதிருப்போம். குடியுரிமைக்காக விண்ணப்பிக்கும் குடும்பத்துக்குப் படித்த நம் இளைஞர் தாள்களை எழுதிக் கொடுத்து, அலுவலகம்வரை உடன்செல்வார்களாக. அனைத்துக்கும் மேலாக, அந்தச் சிறுவன் ஆலய முற்றத்தில் நின்று 'ஓம்' என்று சொல்லும்போது, எந்த ஊர் என்று கேளாமல், அவன் சொல்லவந்த செய்தியைக் கேட்போம்.