மூன்று கணினிக்கு ஒரு மவுஸ்

வானொலியில் இருப்பவர்களுக்கு மவுஸ் என்பது முதலில் ஒரு சத்தம். நேரலையில் பேசிக்கொண்டே ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளி 'டிக் டிக்' என்று அழுத்தினால், காதில் இயர்ஃபோன் மாட்டியிருக்கும் நேயருக்கு அது தெளிவாகக் கேட்கும். அதனால் கடைக்குப் போனால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே அழுத்திப் பார்த்துவிடுவேன். செய்தியில் 'சுட்டி' என்று வாசித்தாலும் வீட்டில் மவுஸ்தான். எங்கள் குடும்பத்தில் சுட்டி என்றால் அது அக்கா மகள்.

தஞ்சோங் பகாரில் மதிய உணவுக்கு மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் வரிசை பிடித்தால், முதுகுப்பையில் இரண்டு மடிக்கணினி சுமந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். ஒன்று அலுவலகம் கொடுத்தது, இன்னொன்று சொந்தம். அரசாங்க ஊழியர்களின் அலுவலகக் கணினிகளில் இணையத்தைத் துண்டிக்கும் நடவடிக்கை 2017 மே மாதம் நடப்புக்கு வந்தது. மறு ஆண்டு சிங்ஹெல்த் இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட பிறகு, பொது மருத்துவமனைகளும் அப்படிப் பிரித்தன. ஒரே ஆளுக்கு இரண்டு திரை என்பது இங்கே வெறும் வசதிக்காக வந்த பழக்கம் இல்லை.

அக்காவும் அப்படித்தான். வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அலுவலக விண்டோஸ் கணினி, சொந்த மேக்புக், மகள் பாடம் படிக்கும் டேப்லெட். இதில் மூன்று மவுஸ் வைத்தால் தட்டு வைக்க இடமில்லை. "ஒரே மவுஸ் போதுமாடி?" என்று கேட்டாள். "போதும்க்கா. ஆனா எப்படி மாறுதுன்னு பாத்து வாங்கணும்" என்றேன்.

மாறுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, மவுஸிலேயே பொத்தான் இருக்கும். மூன்று கணினிகளோடு புளூடூத்தில் ஒருமுறை இணைத்துவிட்டால், பொத்தானை அழுத்தி 1, 2, 3 என்று தாவலாம். எந்த மென்பொருளும் வேண்டாம். மற்றொன்று, மென்பொருள் வழி. லாஜிடெக்கின் 'ஃப்ளோ', மைக்ரோசாஃப்டின் 'மவுஸ் விதவுட் பார்டர்ஸ்', 2022இல் ஆப்பிள் கொண்டுவந்த 'யுனிவர்சல் கன்ட்ரோல்' எல்லாம் இந்த வகை. அம்புக்குறியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அடுத்த கணினிக்குள் போய்விடும். பார்க்க மாயாஜாலம் போல இருக்கும். இங்கே காப்பி எடுத்ததை அங்கே ஒட்டவும் முடியும்.

எனக்கு உறுத்துவது அந்த ஒட்டும் வேலைதான். அலுவலகக் கணினியில் நோயாளியின் பெயரோ வாடிக்கையாளரின் கணக்கோ காப்பி ஆகியிருக்கும். அடுத்த நொடி அது சொந்தக் கணினியில், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அனுப்பும் வாட்ஸ்அப்பில் ஒட்டப்படலாம். நிறுவனம் போட்ட தடுப்பை நாமே கைப்பிடித்துத் தாண்டவிடுவது போல. மலாயில் 'தஞ்சோங்' என்றால் முனை, 'பகார்' என்றால் வேலி. பேருக்கேற்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டு வேலியைப் பிடுங்க வேண்டாமே! பல அலுவலகங்கள் இந்த மென்பொருள்களை நிறுவவும் விடுவதில்லை. இரண்டுமே சொந்தக் கணினி என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுவலகக் கணினிக்குப் பொத்தான் மவுஸ்தான் என் ஓட்டு. அதையும் இணைக்கும் முன் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சனிக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, நடந்தே சிம் லிம் ஸ்குவேர் போனோம். அங்கே ஒரு சங்கடம். லாஜிடெக் எம்720இல் மாற்றும் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த எண்ணில் இருக்கிறோம் என்று விளக்கும் எரியும். ஆனால் அழுத்தினால் சத்தம். பெப்பிள் 2, எம்எக்ஸ் எனிவேர் 3எஸ் இரண்டும் சத்தமில்லாதவை. ஆனால் பொத்தான் அடிவயிற்றில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மவுஸைக் கவிழ்க்க வேண்டும். நாளைக்கு இரண்டு முறை மாறுபவருக்குப் பரவாயில்லை, மணிக்குப் பத்து முறை மாறுபவருக்கு எரிச்சல். எனிவேர் கண்ணாடி மேசையிலும் ஓடும். மற்றதை வாங்கினால், கண்ணாடி மேல் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்தாலே வேலை நடக்கும்.

யுஎஸ்பி துண்டு வழியாக இணைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லாஜிடெக்கின் பழைய 'யூனிஃபையிங்' துண்டும் 2021இல் வந்த 'போல்ட்' துண்டும் ஒன்றுக்கொன்று சேராது. இரண்டாவது, அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடினால் அம்புக்குறி திக்கித் திணறலாம். அதிலிருந்து கசியும் இரைச்சல், மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. 2012இல் இன்டெல்லே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. மவுஸைக் குப்பையில் போடுவதற்கு முன், ஒரு நீட்டிப்பு வயர் போட்டுத் துண்டைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

பெட்டியில் எழுதாத தொல்லை ஒன்றும் உண்டு. மேக்கில் உருளையைச் சுழற்றினால் பக்கம் ஒரு பக்கம் போகும், விண்டோஸில் எதிர்ப்பக்கம் போகும். மேக்கின் அமைப்பில் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' என்பதை அணைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் அதோடு டிராக்பேடும் சேர்ந்து மாறிவிடும். எதற்குக் கை பழகுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் சத்தமில்லாததை எடுத்தேன். அதுவும் எழுதுவதற்கும் ஒலித்தொகுப்புக்கும் மட்டும்தான். ஒலிபரப்புக் கணினியில் இன்றும் வயர் மவுஸ்தான். பாட்டு முடியும் நொடியில் பேட்டரி தீர்ந்தால் ஊரே மௌனத்தைக் கேட்கும். அக்கா எம்720 வாங்கினாள். 1 அலுவலகம், 2 வீடு. 3ஐ மகள் தன் டேப்லெட்டுக்கு எடுத்துக்கொண்டாள். இப்போது அக்கா கூட்டத்தில் இருக்கும்போது அம்புக்குறி திடீரென்று காணாமல் போகிறதாம்.