கைமாறும் ட்ராக்குகள்

ஜூன் 17, செவ்வாய்

பதிவு முடிந்தது. பாட்டு இனி சென்னைக்குப் போகவேண்டும். மிக்ஸ் செய்யப்போகிறவர் வடபழனியில் இருக்கிறார். நான் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் அவருக்கு மதியம் இரண்டரை. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடைகளுக்கு இரண்டு தெரு பின்னால் இருக்கும் இந்த மரவீட்டையும், மிருதங்கம் வாசித்த யாழ்ப்பாணத்து அண்ணையையும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தேவையானதெல்லாம் நான் அனுப்பும் ஃபோல்டருக்குள் இருந்தாக வேண்டும்.

பக்கத்துப் பேட்டை மார்னிங்சைட். லார்ட் பதின்ம வயதில் பாடி 2013இல் வெளிவந்த ‘பியூர் ஹீரோயின்’ அங்கே கோல்டன் ஏஜ் என்ற சின்ன ஸ்டூடியோவில்தான் பதிவானது. ஜோயல் லிட்டில் கூட உட்கார்ந்து பாட்டெழுதினார், பதிவு செய்தார், மிக்ஸும் அவரே. ‘ராயல்ஸ்’ 2014இல் கிராமி வாங்கியது. எல்லாம் ஒரே ஆள் செய்கிறபோது ட்ராக்கின் பெயர் ‘ஆடியோ 17’ என்று கிடந்தாலும் பாதகமில்லை. ஏ.ஆர். ரஹ்மானுக்கு ‘ரோஜா’ காலம் தொட்டு 2008இல் மறையும்வரை ஒலிப்பதிவு என்ஜினீயர் எச். ஸ்ரீதர் இருந்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் பாதி விஷயத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது. நமக்கு வாய்த்திருப்பது வேறு மாதிரி. 2005இல் வந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ அந்த மாதிரி: வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, மிக்ஸ் செய்தது நியூயார்க்கில் ரிச்சர்ட் கிங். மாணிக்கவாசகர் கடைசியில் போய்ச் சேர்ந்தது தமிழ் தாய்மொழியாக இல்லாத ஒருவரின் ஃபேடர்களுக்கு. அப்படிக் கைமாற்றும்போது எவ்வளவு எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு முழுக்கக் குரல். பல்லவிக்கு மட்டும் ஒரு கொத்து டேக். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, நல்லதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். பார்க்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். உண்மையில் அது நம் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. பாடிய பெண் எந்த வரியில் என்ன நினைத்துப் பாடினாள் என்பது கூட இருந்த எனக்குத் தெரியும். தேர்வு செய்யவேண்டியவன் நான். தேர்ந்ததை ஒட்டி ஒரே ட்ராக்காக்கி, ஒட்டிய இடங்களில் சின்ன ஃபேட் கொடுத்து, மூச்சு பாதியில் அறுபடாமல் பார்த்து, அதை மட்டும்தான் அனுப்பவேண்டும்.

அனுபல்லவிக்கு இரண்டு டேக் போட்டி. ஒன்றில் எல்லாம் துல்லியம். இன்னொன்றில் நிஷாதம் ஒரு மயிரிழை இறக்கம், ஆனால் காந்தாரத்துக்கு உயிர் இருக்கிறது. ராகம் கரகரப்ரியா, அதன் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது, மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு அசையும். இரண்டாவதையே வைத்தேன்.

இதை எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும். எண்ணெய் தேடுவதற்கான நில அதிர்வுத் தரவுகளை அலசிக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதே கணக்கைக் குரலுக்குத் திருப்பி 1997இல் கொண்டுவந்ததுதான் ஆட்டோ-டியூன். அதைப் பியானோக் கட்டைகளுக்கு இழுக்கும்படி வைத்தால் கமகம் அதற்குப் பிழையாகத்தான் தெரியும். அசையும் காந்தாரத்தை ஓரிடத்தில் அறைந்து நிறுத்திவிடும். சென்னைக்காரருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். அவருக்குத் தெரியும். அவருடைய உதவியாளருக்கு, அவசரமான ஒரு சாயங்காலத்தில், தெரியுமா என்பதுதான் கேள்வி.

ஜூன் 19, வியாழன்

மிருதங்கத்துக்கு இரண்டு மைக்: வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அழகு. சேர்த்து மோனோவில் கேட்டதும் தொப்பியின் கும்காரம் காற்றுப்போன மாதிரி இளைத்துவிட்டது. ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்பியதும் அடிவயிறு திரும்பி வந்தது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட். மைக்குகளின் தூரம் கொஞ்சம் மாறினாலே ஒன்றின் அலை இன்னொன்றைத் தின்னும். எதைத் திருப்பியிருக்கிறேன் என்பதைக் குறித்துவைத்தேன். சொல்லாமல் விட்டால் அவரும் ஒரு தரம் திருப்பி வைப்பார், பழையபடி ஆகிவிடும்.

பாடியதும் மிருதங்கமும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். குரல் மைக்கில் மிருதங்கம் விழுந்திருக்கிறது, மிருதங்க மைக்கில் குரல். பாடாத இடங்களில் குரல் ட்ராக்கை மௌனமாக்கிச் சுத்தம் செய்யக் கை அரிக்கிறது. செய்யக்கூடாது. குரல் ட்ராக் திறந்து மூடும்போதெல்லாம் மிருதங்கத்தின் நிறம் மாறிமாறிக் கேட்கும். விழுந்தது விழுந்தபடி போகட்டும். சுத்தம் செய்தது இரண்டே இடம்: பாட்டு தொடங்குமுன் நாற்காலி முனகியது, முடிந்தபின் யாரோ “ஆஹா” சொன்னது.

சரணத்தில் ஓரிடத்தில் தகரக் கூரையில் மழை. ஆக்லாந்து ஜூனில் இரண்டு தூறலுக்கு நடுவில்தான் பதிவு செய்யமுடியும். மெல்லிய இரைச்சல், மூன்றாம் நிமிடத்தில் எழுந்து அடங்குகிறது. நீக்கப் பார்த்தால் வயலினின் மேல்முனையும் கூடவே போகிறது. விட்டுவிட்டேன்; எந்த இடம் என்று எழுதிவிட்டேன். சுருதிப்பெட்டியின் அடாப்டர் உறுமல் மட்டும் அவருக்குப் பழகிய சத்தம். நியூசிலாந்திலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான்.

மாலையில் அண்ணை போன் செய்தார். “அந்தக் கடைசி மோராவில மட்டும் கை வைக்காதையும் தம்பி.” வைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மடாரிக்கி, மாவோரிப் புத்தாண்டு. 2022 முதல் இது நாடு முழுக்க விடுமுறை. தெரு அமைதியாக இருந்தது. ஏற்றுமதி வேலைக்கு நல்ல நாள்.

நான் பதிவு செய்த மென்பொருள் ஒன்று, அவர் வைத்திருப்பது வேறு. செஷனை அப்படியே அனுப்பினால் அங்கே திறக்காது. திறந்தாலும் பிளக்-இன் இல்லை என்று வரிசையாகப் புகார் சொல்லும். ஆகவே ஒவ்வொரு ட்ராக்கும் தனி வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை. கோரஸ் நான்காம் நிமிடத்தில்தான் நுழைகிறது. இருந்தும் அதன் கோப்பில் முதல் நான்கு நிமிடம் வெறும் மௌனம் இருக்கவேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டதும் பாட்டு தானாகப் பொருந்தி ஓடும். கோப்புக்குள்ளேயே நேர முத்திரை பதிக்கும் பிராட்காஸ்ட் வேவ் முறையை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997லேயே வகுத்துவிட்டது. எல்லா மென்பொருளும் அதை மதித்துப் படிக்கும் என்று நம்பி இருக்க நான் தயாரில்லை.

மௌனமும் இடம் பிடிக்கும். விநாடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 3 பைட். மோனோ ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஆறு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 52 எம்பி. 26 ட்ராக் என்றால் 1.35 ஜிபி. ஒற்றை மைக்கில் பிடித்ததை ஸ்டீரியோவாக ஏற்றுமதி செய்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கொள்ளளவு இரட்டிக்கும், கேட்பதில் வித்தியாசம் இருக்காது, மிக்ஸ் செய்கிறவருக்கு எரிச்சல்தான் மிச்சம்.

சாம்பிள் ரேட்டை ஃபோல்டர் பெயரிலேயே எழுதினேன். 44.1இல் பதிவானதை 48 என்று நினைத்து ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவள் ஐந்தரையைத் தாண்டி ஆறுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். ஆறு நிமிடப் பாட்டு ஐந்தரை நிமிடத்தில் முடியும். பாட்டை முன்பின் கேட்டிராதவருக்கு இது தவறு என்று எப்படித் தெரியும்?

அப்புறம், எதைக் கழற்றுவது, எதை விடுவது. மாஸ்டரில் சத்தம் கூட்டப் போட்டிருந்த லிமிட்டர் போயிற்று. குரலின் ரிவர்ப், கம்ப்ரெஷர் இரண்டும் போயின. அவை அவருடைய வேலை. இடையிசையில் வீணைக்குக் கொடுத்த எதிரொலி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இசைத் துணுக்கே எதிரொலியை வைத்துத்தான் பின்னப்பட்டது. எதிரொலி இல்லாவிட்டால் வாசித்ததற்கே அர்த்தமில்லை. எதிரொலியோடு ஒரு கோப்பு, பக்கத்திலேயே வெறும் வீணை ஒரு கோப்பு. சந்தேகமே இல்லாத இடத்திலும் இப்படி இரண்டிரண்டாக அனுப்பினால் அது தாராளம் ஆகாது, குழப்பம்தான். வீணைக்கு மட்டும் செய்தேன்.

ஒலியளவைக் கூட்டி உச்சிக்குக் கொண்டுபோகவும் இல்லை. 24 பிட்டில் கீழே வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. மேலே முட்டி உடைந்ததை யாராலும் ஒட்டமுடியாது.

ஜூன் 21, சனி

காலியான புது செஷன் ஒன்று திறந்து, ஏற்றுமதி செய்த கோப்புகளை மட்டும் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பொருந்துகிறது. மழை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எழுத்து வேலை. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

டேப் காலத்தில் இந்த ஒழுக்கம் பெட்டியோடு கூடவே வந்தது. இரண்டு அங்குல டேப்பின் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று சில விநாடி வெறும் தொனி பதிவாகியிருக்கும். அடுத்த ஸ்டூடியோவில் மெஷினை அந்தத் தொனிக்குச் சரிசெய்த பிறகுதான் பாட்டைத் தொடுவார்கள். எந்த ட்ராக்கில் என்ன, டால்பி போட்டதா இல்லையா, டேப்பின் தலை வெளியே இருக்கிறதா வால் வெளியே இருக்கிறதா, எல்லாம் பெட்டிக்குள் ஒரு தாளில் இருக்கும். வால் வெளியே இருக்கும்படி சுற்றி வைப்பதற்கும் காரணம் உண்டு: டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் பதியும்; அது பாட்டுக்கு முன்னால் கேட்பதைவிடப் பின்னால் எதிரொலி மாதிரி கேட்டால் உறுத்தாது. அந்தத் தாளைக் கணினி தேவையில்லாமல் ஆக்கிவிட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமியின் தயாரிப்பாளர், என்ஜினீயர் பிரிவு கோப்புகளை ஒப்படைப்பதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறதே, அது சும்மா இல்லை.

என் தாளில் எழுதியது: சுருதி ஐந்து கட்டை. தாளம் மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை. க்ளிக் போடாமல் வாசித்தது. செஷன் காட்டும் 120 டெம்போவுக்கு எந்த அர்த்தமும் இல்லை, டிலேயைக் காதால்தான் வைக்கவேண்டும். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், முன்னால் எண் போட்டு; எல்லாக் கணினியும் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டாது. பாட்டின் வரிகள் முழுக்க. ஆட்டோ-டியூன் வேண்டாம். மோராவைத் தொடவேண்டாம்.

கூடவே என் ரஃப் மிக்ஸ். அதை அவர் பின்பற்றவேண்டும் என்றில்லை. வயலினை இவ்வளவு பின்னால் தள்ளியது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா என்று அவர் யோசிக்கக்கூடாது, அதற்குத்தான்.

இரவு ஏற்றத் தொடங்கினேன். ஒரு பிரதி இங்கே ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று நண்பர் வீட்டில்.

ஜூன் 23, திங்கள்

இரவு எட்டரைக்கு வடபழனியிலிருந்து அழைப்பு. “சார், எல்லாம் ஒக்காந்துடுச்சு. ஒரே ஒரு டவுட்டு.” சரணத்தின் கடைசி வரியில் குரல் முன்னால் நிற்கவேண்டுமா, கோரஸுக்குள் கரையவேண்டுமா? அந்த வரியில் என் ரஃப் மிக்ஸ் இரண்டுங்கெட்டானாக இருந்திருக்கிறது. பாட்டெழுதியவரிடம் கேட்டேன். குரல் முன்னால் என்றார். அப்படியே சொல்லிவிட்டேன்.

வீட்டில் பதிவு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே ஆக்லாந்திலும் டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் இப்போது ஏகப்பட்ட பேர் இருக்கிறீர்கள். முதல் டேக் எடுப்பதற்கு முன்பே மிக்ஸ் செய்யப்போகிறவருக்கு ஒரு போன் போடுங்கள். எந்த சாம்பிள் ரேட், தனித்தனி ட்ராக்கா தொகுத்த ஸ்டெம்மா, எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஒழுங்கில்லாமல் வரும் கோப்புகளை அடுக்குவதற்கு எங்கள் வடபழனிக்காரர் தனிக் கட்டணம் வாங்குகிறார். அது அரை நாள் கூலி.