தனிக்குடித்தனம்

சென்ற ஆவணியில் என் அண்ணன் தனிக்குடித்தனம் போனார். அய்யலூரில் எங்கள் வீட்டிற்கும் அவர் புது வீட்டிற்கும் கூப்பிடு தூரம்தான். ஆயினும் அன்றிரவு அம்மா உலை வைக்கவில்லை. “நம்மகிட்ட என்ன குறையைக் கண்டான்?” என்று அப்பா திண்ணையிலிருந்து கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. எனக்கும் அண்ணன்மேல் கோபம்தான்.

அந்த வாரம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் எனக்கொரு வேலை. இணையத்தில் எங்கோ கிடக்கும் பெரிய கோப்பொன்றிலிருந்து சில வரிகளை மட்டும் பைத்தான் மொழியில் படிக்க வேண்டும். அதற்கு ‘எஃப்.எஸ்.ஸ்பெக்’ என்னும் சிறு நிரல் தொகுப்பை எங்கள் விரிவுரையாளர் காட்டினார். “இது டாஸ்க் வீட்டுப் பிள்ளை. தனியாகப் போய்விட்டது” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

டாஸ்க் என்பது 2015-இல் அறிமுகமான பெரிய நிரலகம். நினைவகத்தில் அடங்காத தரவுகளைத் துண்டுகளாக்கி, பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கணக்கிடுவது அதன் தொழில். தரவோ ஓரிடத்தில் இருப்பதில்லை. சொந்த வட்டில் கொஞ்சம், அமேசானின் எஸ்3 கிடங்கில் கொஞ்சம், ஹடூப்பில் கொஞ்சம். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு விதமாய்த் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே ‘ஓப்பன்’ கட்டளையால் திறக்கும் பகுதி டாஸ்க்கின் உள்ளேயே வளர்ந்தது. முகவரியின் முன்னொட்டைப் பார்த்தே எந்தக் கதவென்று அது அறியும். கோப்பு முழுவதையும் இறக்காமல், நடுவில் வேண்டிய பைட்டுகளை மட்டும் எடுத்துவரவும் வல்லது. டாஸ்க்கின் கணக்கீடு தேவைப்படாதவர்களும் இதை விரும்பினர். சாவிக்காக வீட்டையே சுமப்பார்களா? மார்ட்டின் டூரண்ட் முன்னின்று அதைத் தனித் தொகுப்பாக்கினார். 2019-இல் டாஸ்க்கும், உள்ளிருந்த பகுதியை நீக்கிவிட்டு, வெளியே போன பிள்ளையையே நாடியது. 2020-இல் பாண்டாஸ் 1.1-உம் அதை ஏற்றுக்கொண்டது.

பிரிவில் தொல்லையும் உண்டு. எஸ்3-க்கான துணைத் தொகுப்பு, எஃப்.எஸ்.ஸ்பெக்கும் தன் பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். நான் ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு அரைநாள் விழித்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்திருந்தால் இந்த வம்பு ஏது?

இன்று டாஸ்க்கை நிறுவினால் எஃப்.எஸ்.ஸ்பெக்கும் கூடவே வருகிறது. எஃப்.எஸ்.ஸ்பெக்கை நிறுவ டாஸ்க் தேவையில்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் தவணையில் ‘குட்டியானை’ வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு எங்கள் ஆடுகளோடு பக்கத்துத் தோட்டத்தார் ஆடுகளையும் ஏற்றிச் செல்கிறார். புதன் இரவானால், “நாளைக்கு வண்டி வருமான்னு அவங்கிட்ட கேளுடா” என்கிறார் அப்பா. தாமாக இன்னும் கேட்பதில்லை.